வீட்டுக்கு சிசிடிவி: எதில் மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் 22 சென்ட் விளையில் (மரங்கள் நிற்கும் தோட்ட நிலத்தில்) வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகளில் இருவர் துபாயில், ஒருவர் சென்னையில். கேமரா போடுபவர் எட்டு கேமரா, 5 மெகாபிக்சல், பெரிய ஹார்ட் டிஸ்க் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இவ்வளவும் வேண்டுமா, இல்லை ஆன்லைனில் ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டினால் போதுமா?

எட்டு வேண்டாம், ஒன்று போதாது. நான்கு போதும், அந்த நான்கிலும் மூன்றைத்தான் கவனமாக வைக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதில் செலவாகும் பணத்தை கேபிளிலும் இன்வெர்ட்டர் லைனிலும் எர்த்திங்கிலும் போடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேமரா பழுதாவது பெரும்பாலும் இடியாலும் ஈரத்தாலும் உப்புக் காற்றாலும்தான். பழுதாகாமல் ஓடுகிற கேமராவும் பயன்படாமல் போவதற்குக் காரணம் வேறு: ராத்திரி 2 மணிக்கு மொபைலில் மணி அடித்தால் யார் எழுந்து போய்ப் பார்ப்பது என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

அதனால் கேமரா வாங்கும் முன் அதை முடிவு செய்யுங்கள். இங்கே 2 மணி என்றால் துபாயில் பன்னிரண்டரை, சவூதியிலும் குவைத்திலும் பதினொன்றரை. பார்ப்பவர் விழித்திருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அவரால் அங்கிருந்து போன் மட்டும்தான் பண்ண முடியும். யாருக்குப் பண்ணுவார்? அடுத்த விளையில் இருக்கும் அண்ணன், தெருமுனையில் இருக்கும் சித்தப்பா என்று இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒருவரிடம் கேட் சாவி இருக்கட்டும். அவர்கள் நம்பர், உங்கள் காவல் நிலைய நம்பர், 112 ஆகியவை பிள்ளைகள் மூவர் போனிலும் இருக்கட்டும். வெளிநாட்டு சிம்மிலிருந்து 112 அடித்தால் அந்த நாட்டு அவசர எண்ணுக்குப் போகும், இங்கே வராது. ஆகவே நிலையத்தின் நேரடி எண்ணை +91 சேர்த்து, எஸ்டிடி கோடோடு பதிந்து வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும், காசும் ஆகாது. இது இல்லாமல் எத்தனை கேமரா வைத்தாலும் கிடைப்பது நடந்து முடிந்ததன் வீடியோதான்.

இன்னொன்றும் கேமராவுக்கு முன்னால் வருகிறது. அடுக்களை வாசல் கதவு பல வீடுகளில் பழைய பலகைக் கதவு, உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள். அதற்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டா, மொட்டை மாடிக் கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், பின்பக்கம் ஆள் வந்தால் எரியும் 10 வாட் சென்சார் விளக்கு. இவை மூன்றும் ஒரு கேமரா விலைக்குள் முடியும். ஏணியைத் தென்னை மூட்டில் சாய்த்து வைக்காதீர்கள், மண்வெட்டியையும் கடப்பாரையையும் வெளியே போடாதீர்கள். கதவை நெம்ப வருகிறவனுக்கு நம் வீட்டுக் கடப்பாரையையே கொடுக்க வேண்டாம்.

இனி கேமரா. எங்கே வைப்பது என்பதில் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் கொட்டேஷனைப் பாதியாகக் குறைக்கலாம். படத்தில் ஒரு ஆளை இன்னார் என்று அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது (பிக்சல்) விழ வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலை 2014-இல் வைத்த அளவு. ஏற்கெனவே தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125 போதும். யாரோ ஒருவர் நடமாடுகிறார் என்று மட்டும் தெரிய 25 போதும். 2 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 1920 புள்ளிகள். கடைகளில் சாதாரணமாகத் தருவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தைப் படத்தில் அடக்கும். 4 மீட்டர் தூரத்தில் ஏழரை மீட்டர் அகலம், அதாவது மீட்டருக்கு 250 புள்ளி. முகம் பிடிக்கும் எல்லை அவ்வளவுதான். 10 மீட்டர் தள்ளிப் போனால் மீட்டருக்கு 100 புள்ளிதான், 16 சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்துக்கு 16 புள்ளி. அதைப் பெரிதாக்கினால் கிடைப்பது சாம்பல் நிறக் கட்டங்கள். 3.6 மில்லிமீட்டர் லென்ஸில் முகம் பிடிக்கும் தூரம் 5 மீட்டர், 6 மில்லிமீட்டரில் எட்டு எட்டரை மீட்டர். அகலம் அந்த அளவுக்குக் குறையும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வீட்டுச் சுவரில் நான்கு மூலையிலும் 2.8 லென்ஸ் கேமரா மாட்டி முழு விளையையும் மூடிவிட்டேன் என்று கேமராக்காரர் சொன்னால், நான்கிலும் ஆள் போவது தெரியும், எதிலும் முகம் தெரியாது. அடுத்தது, 5 மெகாபிக்சலுக்கு மாறுவதால் முகம் பிடிக்கும் தூரம் ஒன்றரை மீட்டர் கூடலாம், அவ்வளவே. அதுவும் பகலில். ராத்திரியில் அதே அளவு சென்சாரில் புள்ளிகள் சிறிதாகி, வெளிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக நெளியும். வீட்டுக்கு நல்ல 2 அல்லது 4 மெகாபிக்சல் போதும். பணம் அதிகம் போடுவதானால் புள்ளிக்குப் போடாதீர்கள், பெரிய சென்சாருக்கும், வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் நிஜமான டபிள்யூடிஆர் வசதிக்கும் போடுங்கள். நம் பக்கத்து சிட்-அவுட் நிழலாக இருக்கும், முற்றம் வெயிலில் பளீரென்று இருக்கும். டபிள்யூடிஆர் இல்லாத கேமராவில் வாசலில் நிற்பவர் முகம் கறுத்த நிழலாக விழும்.

ஆகவே ஆள் எந்த வழியாக வந்தே ஆக வேண்டுமோ அந்தக் குறுகலான இடத்தில் கேமராவை வையுங்கள். உங்கள் வீட்டில் அவை மூன்று: முன்வாசல், அடுக்களை வாசல், வெளியே இருந்து மாடிக்குப் போகும் படி. மூன்றுக்கும் 3.6 லென்ஸ், தரையிலிருந்து எட்டு அல்லது ஒன்பது அடி உயரம். கை எட்டிவிடும் என்று பயந்து பன்னிரண்டு, பதினான்கு அடியில் மாட்டச் சொல்பவர்கள் அதிகம். அந்த உயரத்திலிருந்து தெரிவது உச்சந்தலையும் தொப்பியும்தான். ஒருவன் கேமராவை உடைக்க வந்தாலும் வரட்டும், உடைக்கும் முன் அவன் முகம் முழுதாகப் பதிந்திருக்கும். நான்காவது கேமரா கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள பாதைக்கு, 2.8 லென்ஸ். அதில் முகம் எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், என்ன வண்டி என்பது தெரிந்தால் போதும். ராத்திரியில் வண்டி நம்பர் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளைத் தகடாகத்தான் தெரியும், அதற்குத் தனி கேமரா, தனி அமைப்பு வேண்டும். வீட்டுக்கு அது தேவையில்லாத வேலை.

தென்னைக்கு நேர் கீழே கேமராவோ போஸ்டோ வைக்காதீர்கள். தேங்காய் விழாவிட்டாலும் மட்டை விழும். கேமராவுக்கு அருகில் வெள்ளைச் சுவரோ, சன்ஷேடின் அடிப்பக்கமோ படத்தின் ஓரத்தில் வந்தால், ராத்திரியில் கேமரா விடும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மீதிப் படம் இருட்டாகிவிடும். பகலில் இது தெரியவே தெரியாது, ராத்திரி பார்த்துத்தான் சாய்வைச் சரி செய்ய வேண்டும்.

வயரா, வைஃபையா என்பது அடுத்த கேள்வி. வாடகை வீட்டில், ஃப்ளாட்டில், நாகர்கோவில் டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், ஒரு வைஃபை கேமராவும் 128 ஜிபி கார்டும் போதும். அரை மணி நேர வேலை. கார்டு வாங்கும்போது ஹை எண்ட்யூரன்ஸ் என்று போட்டதை வாங்குங்கள். சாதாரண கார்டு இரவு பகலாக எழுதி எழுதி ஒரு வருடத்தில் சத்தமில்லாமல் செத்துப்போகலாம், ஆப்பில் லைவ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உங்களைப் போன்ற விளை வீட்டுக்கு வைஃபை சரிப்படாது. இங்குள்ள பழைய வீடுகளில் சுவர் கல்லோ செங்கல்லோ தடிமனாக இருக்கும். ஹாலில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் அடுக்களை தாண்டுவதே கஷ்டம். மழை நேரத்தில் துண்டித்துத் துண்டித்து வரும். வீட்டோடு ஒட்டிய மூன்று கேமராவுக்கும் வயர் இழுத்துவிடுங்கள்.

வயரில் இரண்டு வகை. பழைய முறை டிவிஆர் என்ற ரெக்கார்டர்: படத்துக்கும் கரண்டுக்கும் தனித்தனிக் கம்பி உள்ள 3+1 கேபிள், முனையில் பிஎன்சி என்ற வட்டக் கனெக்டர், கேமராக்களுக்குக் கரண்டு கொடுக்கும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பெட்டி. புது முறை என்விஆர் என்ற ரெக்கார்டர்: கேட்6 நெட்வொர்க் கேபிள், பிஓஇ ஸ்விட்ச், ஒரே கேபிளில் கரண்டும் படமும். டிவிஆர் விலை குறைவு, எந்த ஊர் எலெக்ட்ரீஷியனுக்கும் கைப்பழக்கம். 20 மீட்டருக்குள் முடியும் இடங்களுக்கு அது நன்றாகவே ஓடும். தூரம் கூடினால்தான் சங்கடம். 3+1 கேபிளில் கரண்டு போகும் கம்பி மெல்லியது. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றே வைத்துக்கொண்டாலும் 40 மீட்டர் போய் 40 மீட்டர் திரும்பி வர ஏறக்குறைய 7 ஓம் தடை. ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 2.75 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் புறப்பட்டது 9.25 ஆகத்தான் வந்து சேரும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா சாயங்காலம் ஆறரைக்கு மேல் அணைந்து அணைந்து எரிகிறது என்றால் காரணம் இதுதான். கேமராவை மாற்றினால் தீராது. விலை குறைந்த கேபிளில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம், அதன் தடை இன்னும் ஒன்றரை மடங்கு. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும், அப்படித் தெரிந்தால் அந்த ரோலைத் திருப்பிக் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் திருகைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டுவது சிலர் செய்யும் வைத்தியம். தூரத்துக் கேமரா பிழைக்கும், பக்கத்துக் கேமரா சூடாகும். பிஓஇ முறையில் 48 வோல்ட்டில் அனுப்புவதால் இந்தத் தொல்லை இல்லை. 60 மீட்டருக்கு இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, 100 மீட்டர் வரை போகலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பிஓஇ போடுவதே நல்லது.

இப்போது இடி. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஆனி ஆடிச் சாரலும் பெரிதாக இடிப்பதில்லை. சித்திரை வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி கார்த்திகையும்தான் ஆபத்து. மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, பேச்சிப்பாறை, குலசேகரம், திருவட்டாறு பக்கம் இடித்துக்கொண்டே வரும். மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. அரை ஃபர்லாங் தள்ளி விழுந்தாலும் திறந்த வெளியில் கிடக்கும் நீளமான வயரில் வோல்டேஜ் தூண்டப்பட்டு, டிவிஆரின் அந்தச் சேனலையோ பிஓஇ ஸ்விட்சின் அந்தப் போர்ட்டையோ கருக்கிவிடும். கேட் வரை 30 மீட்டர் கேபிளை மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடுவது இடியை வீட்டுக்குள் வரவேற்பதற்குச் சமம். இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. பிளக்கைப் பிடுங்கினாலும் பிஎன்சி வயர் டிவிஆரில் செருகியபடியே இருக்கும்.

செய்ய வேண்டியவை இவை. வெளியே போகும் கேபிளை ஒன்றரை அடி ஆழத்தில் பிவிசி குழாயில் புதையுங்கள். கேமராவை இரும்புக் கேட்டிலோ, இரும்புப் போஸ்டிலோ, தகரக் கூரையிலோ நேரடியாக முடுக்காதீர்கள், நடுவே பிவிசி பெட்டி வையுங்கள். வெளிக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், திடீரென்று ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் புரொடக்டர், அதன் எர்த் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எர்த் குழி சரியில்லை என்றால் சர்ஜ் புரொடக்டர் வெறும் பெட்டிதான். நம் செம்மண்ணும் பாறை கலந்த மண்ணும் மாசி பங்குனியில் காய்ந்து தடை ஏறிவிடும், குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். நான்காவதான கேட் கேமராவுக்கு இதைவிடச் சுலபமான வழி, செம்பு வயரே இழுக்காமல் விடுவது. 2.8-க்குப் பதில், வீட்டு மூலையிலிருந்து கேட்டைப் பார்க்க 6 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் ஆள் வந்து போவது தெரியும். இல்லையென்றால் சோலார் பேனலோடு வரும் கேமரா. அது கருகினாலும் அது மட்டும்தான் போகும், வீட்டுக்குள் இருக்கும் என்விஆர் தப்பிக்கும்.

சோலார் கேமராவின் குறையையும் தெரிந்து வாங்குங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க அது தூங்கிக்கொண்டிருக்கும், உடல் சூட்டைக் கண்டால்தான் விழிக்கும். விழிக்க ஓரிரு வினாடி ஆகும், அதற்குள் வேகமாக நடப்பவர் பாதி தூரம் கடந்திருப்பார். குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், நேராகக் கேமராவை நோக்கி வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். உச்சி வெயிலில் சுற்றுப்புறச் சூடும் உடல் சூடும் ஒன்றாகும்போது தடுமாறும். ரப்பர் மரத்தடியில் பேனல் வைத்தால் ஆனி ஆடியில் பத்து நாள் தொடர் மூடலில் பேட்டரி இறங்கிவிடும். ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்கு வைப்பவர்கள் பேனலைத் தனியாகக் கழற்றி வெயில் படும் இடத்தில் வைக்கும்படியான மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. ஐபி66, ஐபி67 என்று பெட்டியில் போட்டிருப்பது தண்ணீருக்கும் தூசிக்கும்தான், உப்புக்கு அல்ல. அலுமினிய உடலில் பெயிண்ட் உப்பி வெள்ளைப் பொடி பூக்கும். கூடவே வரும் திருகாணி ஆறு மாதத்தில் துரு பிடித்து, கழற்றும்போது தலை ஒடியும். பிளாஸ்டிக் உடல் கேமரா, 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகாணி. கனெக்டர் எதுவும் வெளியே தொங்கக்கூடாது, எல்லாம் பிவிசி பெட்டிக்குள் இருக்க வேண்டும். இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும், சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். பெட்டிக்குள் கேபிள் கீழிருந்து மேலாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பெட்டியின் ஓட்டையை சிலிக்கானால் அடையுங்கள். அடைக்காவிட்டால் தண்ணீர் போகிறதோ இல்லையோ எறும்பு கூடு கட்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைக் காற்று. அங்கே நீளமான போஸ்ட் வேண்டாம், படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

கரண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது போஸ்ட்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குத் தயாராக வேண்டியதில்லை. அவ்வப்போது வரும் ஒரு மணி, இரண்டு மணி நேர மின்தடைக்கும், மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க நிறுத்துவதற்கும் தயாராக இருந்தால் போதும். நான்கு கேமராவுக்கு 20 வாட், ரெக்கார்டருக்கு 15, ரவுட்டருக்கு 10, மொத்தம் 45 வாட். வீட்டில் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு ஃபேனுக்குச் சமமான இந்தச் சுமையை அது நாள் முழுக்கத் தாங்கும். ரெக்கார்டரும் ரவுட்டரும் இருக்கும் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். பல வீடுகளில் விளக்கும் ஃபேனும்தான் அதில் இருக்கும், பிளக் பாயிண்ட் இருக்காது. இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் வையுங்கள். மற்றப் பக்கம் இருந்தால் கரண்டு மாறும் அந்தக் கணத்தில் ரெக்கார்டர் அணைந்து எழும். அப்படி நாளுக்கு நான்கு முறை அணைந்தால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க் அளவை இப்படிக் கணக்கிடுங்கள். ஒரு எம்பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளில் எழுதுவது 10.8 ஜிபி. வீடியோவைச் சுருக்கி எழுதும் எச்.265 முறையில் 2 மெகாபிக்சல் கேமராவை வினாடிக்கு 15 ஃபிரேமில் வைத்தால் ஒன்றிலிருந்து இரண்டு எம்பிபிஎஸ் போதும். நான்கு கேமரா, இரண்டு எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 86 ஜிபி, 1 டிபியில் பதினொரு நாள். ஒரு எம்பிபிஎஸ் என்றால் மூன்று வாரம். அப்பா அம்மா வீட்டிலேயே இருப்பதால் எது நடந்தாலும் மறுநாள் தெரிந்துவிடும், பதினொரு நாளே தாராளம். பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால் கணக்கு வேறு: முற்றத்தைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறார் என்றால், ஒரு மாதப் பதிவாவது இருக்க வேண்டும். அவர் வந்து கதவு உடைந்ததைப் பார்க்கும்போது அந்த ராத்திரி அழிந்திருக்கக் கூடாது. டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்த ரகமாக இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியது வேண்டாம். பூட்டிய வீடு என்றால் ஊருக்குப் போகும் தேதியைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்ப்பார்கள்.

ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். வந்தவன் அதையும் எடுத்துக்கொண்டு போவான், எல்லாம் அதோடு போச்சு. பரணிலோ காற்றோட்டம் உள்ள அலமாரியிலோ வையுங்கள். இரும்புப் பீரோவுக்குள் மூடி வைத்தால் சூட்டில் டிஸ்க் கெடும். முன்வாசல் கேமராவில் மட்டும் ஒரு மெமரி கார்டும் போட்டுவிட்டால் ரெக்கார்டர் போனாலும் ஒரு பிரதி மிஞ்சும்.

மொபைலுக்கு வரும் அறிவிப்பில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கேமரா வரும்போது எந்த அசைவுக்கும் மணி அடிக்கும்படி இருக்கும். தென்னோலை ஆடும், பூனை போகும், ஈசல் மொய்க்கும், லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை பின்னும். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் சிலந்தியும் வரும். ராத்திரிக்கு நாற்பது அறிவிப்பு வந்தால் ஒரே வாரத்தில் மூவரும் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நிஜமாக ஆள் வந்தாலும் தெரியாது. ஆகவே மனிதரை மட்டும் கண்டறியும் வசதி உள்ள கேமராவாக வாங்கி, அதிலும் கோடு தாண்டினால் மட்டும் என்ற அமைப்பை வைத்து, ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை மட்டும் இயங்கச் செய்யுங்கள். கோட்டை முற்றத்தின் குறுக்கே போடுங்கள், ரோட்டின் மேல் போடாதீர்கள். பால்காரர், ரப்பர் வெட்டுக்காரர் அதிகாலையில் வரும் வீடு என்றால் நேரத்தை மூன்று மணியோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் பொய் அறிவிப்பு வராத அளவுக்கு இதைப் பக்குவப்படுத்த இரண்டு மூன்று ராத்திரி உட்கார வேண்டும். மொத்த வேலையிலும் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். ஒட்டடைக் கம்பால் வாரம் ஒருமுறை கேமராவைச் சுற்றித் தட்டுவது அம்மாவுக்கோ வேலைக்கு வருபவருக்கோ சொல்லிவிடலாம். வெள்ளை விளக்கோடு ராத்திரியும் கலரில் காட்டும் கேமரா நல்லதுதான், ஆனால் மழைக்கு மறுநாள் ஈசல் அப்படியே அப்பும். ஆள் வந்தால் மட்டும் வெள்ளை விளக்கு எரியும் மாடலாகப் பாருங்கள்.

ஆப்பில் கணக்கைக் கேமரா போடுபவர் திறக்கக் கூடாது, நீங்கள் திறக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேமராக்காரர் அவர் மெயில் ஐடியில் பதிந்து வைத்தால் உங்கள் வீட்டு முற்றம் அவர் போனிலும் ஓடும். பின்னால் அவர் தொழிலை விட்டுப் போனால் உங்களால் ரெக்கார்டரை உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது. முதன்மைக் கணக்கு உங்களுடையது, மற்றவர்களுக்குப் பகிர்வு மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்வேர்டைப் போடாதீர்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்: 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். ரவுட்டரில், வெளியிலிருந்து உள்ளே வரத் தானாகவே வழி திறந்துவிடும் யுபிஎன்பி என்பதை அணைத்துவிடுங்கள், போர்ட் எதையும் திறக்க வேண்டாம், ஆப் வழியாகவே பார்க்கலாம். வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தரநிலை அமைப்பு) பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம். அதற்கு முந்தைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வீட்டுக்குள் கேமரா வைப்பதானால் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். பிள்ளைகள் கவலையில் வைக்கிறார்கள் என்பது சரி, ஆனால் ஹாலில் கால் நீட்டி உட்காரக்கூட அம்மா கூச்சப்படுகிற வீடாக அது மாறக்கூடாது. அவர்கள் வெளியூர் போகும்போது மட்டும் இயக்கும்படி ஒரு ஸ்விட்ச் வையுங்கள். வெளிக் கேமராவில் பக்கத்து வீட்டுக் கிணற்றடியோ குளியலறையோ ஜன்னலோ வந்தால் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களில் இருக்கிறது. மறைத்துவிட்டு அவர்களையே கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் வரை போகாவிட்டாலும், ராத்திரியில் ஓடி வரவேண்டிய பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு கேமரா வைப்பதில் லாபமில்லை.

ஏதாவது நடந்துவிட்டால் டிவி திரையை மொபைலில் படம்பிடித்து அனுப்புவதோடு நிற்காதீர்கள். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரப் பதிவை, ரெக்கார்டர் தரும் மூல வடிவிலேயே இரண்டு பென்டிரைவில் எடுங்கள். ரெக்கார்டர் கடிகாரத்துக்கும் உங்கள் போன் கடிகாரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதை எப்படித் தர வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொல்வார்கள். நேரம் தப்பாக இருக்கும் வீடியோவைப் பற்றி நீதிமன்றத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ரெக்கார்டரில் இணைய நேரத்தோடு ஒத்துப்போகும் அமைப்பை இயக்கி, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள். கரண்டு போய் வந்ததும் தேதி 2000-க்குத் திரும்பினால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, சிஆர்2032 வாங்கி மாற்றினால் போதும்.

மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், லைவைப் பார்க்காமல் பத்து நாள் பழைய பதிவை ஓட்டிப் பாருங்கள். லைவ் வந்துகொண்டே இருக்கும், டிஸ்க் எப்போதோ நின்றிருக்கும். சென்னையில் இருப்பவரே இதைச் செய்யலாம், ஐந்து நிமிடம்.

கேமராக்காரரிடம் மொத்தப் பணத்தையும் பகலில் கொடுத்துவிடாதீர்கள். இருட்டிய பிறகு வரச் சொல்லி, ஒருவரை மூன்று வாசலிலும் நிறுத்தி, பதிவை நிறுத்தி முகம் தெரிகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் ரெக்கார்டர் அணையாமல் ஓடுகிறதா பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஆப் திறக்கிறதா பாருங்கள். எந்த வயர் எந்தக் கேமராவுக்கு என்று இரு முனையிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள். மண்ணுக்கடியில் குழாய் போகும் பாதையை மூடும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் வாழை வைக்கக் குழி தோண்டுபவர் கேட்பார்.